ஒரே வாசலை நம்பலாமா?
நோக்கியா ஆலையின் கதை: வகுப்பறைக்கும் கல்லாப்பெட்டிக்கும் ஒரே பாடம்

வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. என்று படிக்கிறார்கள். மகிழ்ச்சிதான். அங்கே அவர்களுக்கு 'கேஸ் ஸ்டடி' என்று ஒன்றைத் தருகிறார்கள். ஒரு நிறுவனத்தின் கதையைப் பத்து இருபது பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்து, "இதை அலசிப் பார்த்து, அடுத்த வாரம் வகுப்பில் எழுந்து நின்று பேசு" என்கிறார்கள். பிள்ளை இரவெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வண்ண வண்ணமாகப் படங்கள் தயாரிக்கிறது. கடை சாத்திவிட்டு வரும் அப்பா, "இது நமக்குப் புரியாத படிப்பு" என்று சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்.

அப்படி ஒதுங்கத் தேவையில்லை. எந்தப் பார்ட்டிக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்தச் சரக்கை எவ்வளவு நாள் தேக்கி வைக்கலாம் என்று தினமும் முடிவு எடுப்பவர்கள் நாம். அந்த முடிவுகளைக் காகிதத்தில் எழுதி, காரணம் சொல்லிப் பழகுவதுதான் கேஸ் ஸ்டடி. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் நடந்த ஓர் உண்மைக் கதையை எடுத்துக்கொண்டு, அதை எப்படி அலசுவது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். பிள்ளைகளுக்கு வகுப்பில் உதவும். பெற்றோருக்குக் கடையில் உதவும்.

கேஸ் ஸ்டடி வந்த வழி

அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-ல் தொடங்கப்பட்டது. சட்டக் கல்லூரிகளில் பழைய வழக்குகளை வைத்துப் பாடம் நடத்துவதைப் பார்த்து, வியாபாரத்தையும் அப்படியே சொல்லித் தரலாம் என்று 1920-களில் அங்கே இம்முறையை வளர்த்தார்கள். 1961-ல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தொடங்கப்பட்டபோது, ஹார்வர்டின் ஒத்துழைப்புடன் இம்முறை நம் நாட்டில் ஊன்றப்பட்டது. இன்று சிறிய ஊர்க் கல்லூரிகளிலும் நடக்கிறது.

இதில் 'சரியான விடை' என்று ஒன்று புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்காது. நிறுவனத்தின் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள், ஏன் செய்வீர்கள் என்பதே கேள்வி. விடையைவிட, விடைக்கு வந்த வழிக்குத்தான் மதிப்பெண்.

நம் வாசலில் நடந்த கதை

ராமானுஜர் அவதரித்த தலம் என்று பெயர் பெற்ற ஸ்ரீபெரும்புதூர், கடந்த முப்பது ஆண்டுகளில் தொழில் நகரமாக மாறியது. அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழுந்து, 1998-ல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதன் பின்னால் உதிரிபாகத் தொழிற்சாலைகள் வந்தன. கண்ணாடி ஆலை வந்தது. சிப்காட் வளாகங்கள் விரிந்தன.

அடுத்து வந்தது நோக்கியா. பின்லாந்து நாட்டின் இந்த நிறுவனம், 2005 ஏப்ரலில் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தி தொடங்கிற்று. 200 ஏக்கருக்கு மேற்பட்ட சிறப்புப் பொருளாதார மண்டலம் அது. நோக்கியாவுக்குப் பாகம் தரும் பாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற நிறுவனங்களும் அதே வளாகத்துக்குள் வந்து உட்கார்ந்தன. உச்சக் காலத்தில் நோக்கியாவில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். 2011-க்குள் 50 கோடி கைப்பேசிகள் இந்த ஆலையிலிருந்து வெளியேறின.

2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஒன்பது ஆண்டுகூட முழுதாக ஓடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பாக்ஸ்கானும் அந்த வளாகத்தில் வேலையை நிறுத்தியது.

இதுதான் கேஸ். இனி அலசுவோம்.

முதல் படி: தேதி வாரியாக எழுதுங்கள்

மாணவர்கள் பலர் முதல் நாளே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அது தவறு. கணக்குப்பிள்ளை முதலில் தினசரிக் குறிப்பேட்டை எழுதுவது போல, நடந்ததைத் தேதி வரிசையில் எழுத வேண்டும். நோக்கியா கேஸில் அது இப்படி வரும்:

2007, 2008: ஆப்பிளின் ஐபோனும், ஆண்ட்ராய்டு போனும் சந்தைக்கு வந்தன.

2011 பிப்ரவரி: நோக்கியா தன் சொந்த மென்பொருளைக் கைவிட்டு, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் மென்பொருளுக்கு மாறுவதாக அறிவித்தது.

2012: பதினான்கு ஆண்டுகள் உலகில் முதலிடத்தில் இருந்த நோக்கியாவைச் சாம்சங் முந்தியது.

2013 ஜனவரி: ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் வருமான வரித்துறை ஆய்வு நடத்தியது. மார்ச்சில் ரூ.2,080 கோடி வரி கேட்டு உத்தரவு வந்தது.

2013 செப்டம்பர்: நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்க ஒப்புக்கொண்டது.

2014 மார்ச்: ஆலையை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் ரூ.3,500 கோடிக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே மாதம் மாநில வணிகவரித் துறையும் ஏறத்தாழ ரூ.2,400 கோடி கேட்டது.

2014 ஏப்ரல்: விற்பனை முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அதில் சேராமல் நோக்கியாவிடமே நின்றது. மைக்ரோசாப்டுக்காக ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுத்தது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ 5,000 பேர் வெளியேறினர்.

2014 அக்டோபர்: மைக்ரோசாப்ட் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதால் நவம்பர் 1 முதல் உற்பத்தி நிற்கும் என்று நோக்கியா அறிவித்தது.

இந்தப் பட்டியலை ஒரு முறை மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஆலை ஒரே நாளில் மூடப்பட்டதாக ஊரில் சொல்வார்கள். பட்டியலோ வேறு சொல்கிறது. விற்பனை அறிவிப்புக்கும் ஆலை நிறுத்தத்துக்கும் நடுவே முழுதாகப் பதினான்கு மாதங்கள் இருந்தன. இதை நினைவில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

இரண்டாம் படி: நடந்ததையும், சொல்லப்பட்டதையும் பிரியுங்கள்

வரி கேட்டது நடந்த விஷயம். அந்த வரி நியாயமா என்பது இரு தரப்பு வாதம். ஒரே பக்கத்தில் இரண்டையும் கலந்து எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போடுவார்.

வருமான வரித்துறை சொன்னது இது: கைப்பேசிக்குள் ஏற்றும் மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்குப் பணம் அனுப்பினீர்கள். அது உரிமத் தொகை. அனுப்பும்போதே வரியைப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த டி.டி.எஸ். கதைதான். நோக்கியா சொன்னது இது: மென்பொருள் போனோடு சேர்ந்த சரக்கு. அது உரிமத் தொகை ஆகாது. இரு நாடுகளுக்கும் இடையே வரி ஒப்பந்தமும் இருக்கிறது. மாநில அரசோ, ஏற்றுமதி என்று காட்டிய போன்களில் உள்நாட்டில் விற்றவையும் உண்டு என்றது. நோக்கியா அதை மறுத்தது.

இந்த வழக்கு எப்படி முடிந்தது? 2018-ல் இந்தியாவும் பின்லாந்தும் பேசித் தீர்த்துக்கொண்டன. நோக்கியா ஏறத்தாழ ரூ.1,600 கோடி கட்டியது. அதற்குள் ஆலை மூடி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. வழக்கு எவ்வளவு நாள் இழுக்கும் என்பதும் வியாபாரத்தில் ஒரு செலவுதான் என்பதை மாணவர்கள் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: காரணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்

'ஆலை ஏன் மூடப்பட்டது?' என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் 'வரித் தகராறு' என்பார்கள். மீதிப் பேர் 'நோக்கியா காலத்துக்கு ஏற்ப மாறவில்லை' என்பார்கள். இரு அணியாகப் பிரிந்து கத்தி முடிக்கும்போது மணி அடித்துவிடும்.

இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. ஒரு கடையில் அரிசி விற்கவில்லை என்றால், 'பக்கத்துக் கடையில் விற்கிறதா?' என்று பார்ப்போம். அங்கும் விற்கவில்லை என்றால் குற்றம் நம் அரிசியில் மட்டும் இல்லை. அதே போல நோக்கியாவின் மற்ற ஆலைகளைப் பாருங்கள்.

ஜெர்மனியின் போகம் நகரில் நோக்கியா ஆலை இருந்தது. 2008-ல் மூடப்பட்டது. அங்கும் அரசு மானியம் பெற்றிருந்தார்கள். மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். வேலை ருமேனியாவுக்கு மாறியது. ருமேனியாவின் ஜுக்கு ஆலை 2008-ல் திறக்கப்பட்டு, 2011-ல் மூட முடிவானது. தென்கொரியாவின் மசான் ஆலையும் 2014-ல் மைக்ரோசாப்டுக்குப் போகவில்லை. அங்கும் கதவு மூடப்பட்டது. அங்கேரியின் கோமாரோம் ஆலை மைக்ரோசாப்டிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வரித் தகராறு அதன் வழியில் குறுக்கே நிற்கவில்லை. ஆனாலும் 2014-லேயே அதை மூடப்போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்துவிட்டது. வியட்நாமின் ஹனோய் ஆலையில்தான் வேலையைக் குவித்தார்கள். 2015-ல் இந்தக் கைப்பேசித் தொழிலுக்காக மைக்ரோசாப்ட் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளியது. 2016-ல் சாதாரண போன் தொழிலையும், ஹனோய் ஆலையையும் விற்றுவிட்டு ஒதுங்கியது.

இப்போது என்ன சொல்லலாம்? வரித் தகராறு ஸ்ரீபெரும்புதூர் ஆலையைப் புதிய உரிமையாளரிடம் போகவிடாமல் பூட்டியது. இது உறுதி. ஆனால் பூட்டு இல்லாமல் போயிருந்தாலும் ஆலை பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. தகராறு இல்லாத ஆலையும் மூடப்பட்டதே! சந்தையில் சரக்கு போகாமல் போனது மூல வியாதி. வரித் தகராறு அதன்மேல் வந்த காய்ச்சல். இரட்டை சிம் போன் கேட்டு வந்த நம் ஊர் வாடிக்கையாளருக்கு உள்ளூர் பிராண்டுகள் முந்திக்கொண்டு கொடுத்தபோதே அந்த வியாதி தொடங்கிவிட்டதை, அந்நாளில் செல்போன் கடை வைத்திருந்த நம் அன்பர்கள் நன்கு அறிவார்கள்.

இப்படி ஒப்பிட்டுப் பேசும் மாணவனின் பேச்சு தனியாகத் தெரியும்.

நான்காம் படி: கதையில் இல்லாதவர்களைத் தேடுங்கள்

அச்சிட்ட கேஸில் தலைமை அதிகாரி இருப்பார், அமைச்சர் இருப்பார், நீதிமன்றம் இருக்கும். ஆலை வாசலில் டீக்கடை இருக்காது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் எழுதும்போது அந்த இடத்தை நிரப்ப வேண்டியது நம் பிள்ளைகள்தான்.

வேலையை இழந்த பெண் தொழிலாளர்கள் முதலில் வர வேண்டும். இருபதுகளின் நடுவில் கையில் கொஞ்சம் பணத்தோடு வெளியே வந்தவர்கள் அவர்கள். போன் பொருத்திய அனுபவத்தை வேறு எங்கே விற்பது? அதற்கு முன்பே, 2010-ல், ஓர் இளம் பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்த துயரமும் இதே ஆலையில் நடந்தது. உற்பத்திக் கணக்கை எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

அடுத்து, ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்கள். அறை வாடகைக்கு விட்டவர், மெஸ் நடத்தியவர், வேன் ஓட்டியவர், மளிகை, பால், காய்கறி, ஜவுளி, ரீசார்ஜ் கடைக்காரர். ஒன்றைக் கவனியுங்கள். சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் போன எலக்ட்ரானிக் பாகம் எதையும் நம் கடையில் வாங்கவில்லை. நமக்கு வந்தது தொழிலாளியின் சம்பளக் கவரிலிருந்து வந்த பணம். அதிலும் கம்பெனி பஸ்ஸில் தினமும் தொலைவிலிருந்து வந்து போனவர்களின் பணம் அவரவர் ஊர்க் கடைக்குப் போயிற்று. ஆகவே 'ஆலை வந்தால் ஊர் வளரும்' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் பணம் எந்த வழியாக எந்தக் கடைக்கு வந்தது என்று தடம் பிடிக்க வேண்டும். அதுவே அலசல்.

ஒரே வளாகம், இரண்டு முடிவுகள்

இந்தக் கேஸின் உயிர்நாடி இனிதான் வருகிறது. சால்காம்ப் என்ற சார்ஜர் செய்யும் நிறுவனமும் பின்லாந்திலிருந்து வந்ததே. அதே வளாகத்தில் நோக்கியாவின் பக்கத்தில் இருந்ததே. நோக்கியா போனபின் அது போகவில்லை. காரணம் எளிது. சார்ஜர் எல்லாப் போனுக்கும் வேண்டும். சால்காம்ப் மற்ற நிறுவனங்களுக்கும் சரக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐந்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையை இந்தச் சால்காம்பே எடுத்துக்கொள்கிறது என்று 2019 நவம்பரில் அன்றைய மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அறிவித்தார். பக்கத்தில் சார்ஜர் செய்துகொடுத்தவர் பெரிய வீட்டையே எடுத்துக்கொண்டார்!

நோக்கியாவும் இந்தப் பகுதியை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. செல்போன் கோபுரங்களுக்கான சாதனம் செய்யும் அதன் ஆலை 2008-ல் தொடங்கி ஒரகடத்தில் நடந்துவருகிறது. அது வேறு சரக்கு, வேறு வாடிக்கையாளர். 'நோக்கியா போய்விட்டது' என்று வகுப்பில் சொல்லும் முன் இதையும் சரிபார்க்க வேண்டும்.

ஆக, கேஸ் சொல்லும் பாடம் இது: யார் பெரியவர் என்பது தப்பிப்பதைத் தீர்மானிக்கவில்லை. யாருடைய வியாபாரம் எத்தனை வாசல்களில் நின்றது என்பதே தீர்மானித்தது.

நம் கடைக் கணக்கு

இந்தப் பாடத்தை நம் கல்லாவுக்குக் கொண்டுவருவோம். ஆலைக்கு அருகில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு விளங்குவதற்காக மட்டும் எண்களை எடுத்துக்கொள்கிறோம்.

மாத விற்பனை ரூ.4,00,000. சராசரி லாபம் நூற்றுக்குப் பத்து. அதாவது ரூ.40,000. கடை வாடகை ரூ.12,000, ஆள் சம்பளம் ரூ.14,000, கரண்ட், வண்டி, இதர செலவு ரூ.4,000. மொத்தச் செலவு ரூ.30,000. மிச்சம் ரூ.10,000.

இந்த விற்பனையில் ஒரே ஆலையின் தொழிலாளர்கள் வாங்குவது நூற்றுக்கு அறுபது என்று வைப்போம். ஆலை நின்றால் விற்பனை ரூ.1,60,000 ஆகும். லாபம் ரூ.16,000. வாடகையும் சம்பளமும் குறையாது. மாதம் ரூ.14,000 கையை விட்டுப் போகும்.

சரி, அவ்வளவு மோசம் வேண்டாம். விற்பனையில் நாலில் ஒரு பங்கு மட்டும் குறைகிறது என்று வையுங்கள். ரூ.3,00,000 விற்பனை, ரூ.30,000 லாபம், ரூ.30,000 செலவு. மிச்சம் பூஜ்யம்! விற்பனையில் கால் பங்கு போனால் லாபத்தில் கால் பங்குதான் போகும் என்று பலர் நினைக்கிறோம். முழு லாபமும் போகிறது. கல்லூரியில் இதைத்தான் 'பிரேக் ஈவன்' என்று பாடமாக நடத்துகிறார்கள்.

இதோடு பாக்கி நோட்டையும் சேருங்கள். சம்பளத் தேதிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எழுதிவைத்த பற்று ரூ.60,000 நிற்கிறது என்றால், அது ஆறு மாத லாபம். வேலை போய் ஊர் திரும்பும் தொழிலாளியிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்கவும் மனம் வராது, விடவும் முடியாது. நம்மில் பலர் அறிந்த சங்கடம் அது.

ஐந்தாம் படி: அந்த நாளில் நின்று முடிவு எடுங்கள்

'முடிவு தெரிந்தபின் எல்லோரும் ஜோசியர்' என்பார்கள். கேஸ் ஸ்டடியில் அந்த வசதி கிடையாது. ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, அன்று தெரிந்ததை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டும்.

2013 செப்டம்பர் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை அறிவிப்பு பத்திரிகையில் வந்துவிட்டது. வரித் தகராறும் தெரியும். ஆலை மூடப்படுமா என்பது யாருக்கும் தெரியாது. நம் மளிகைக் கடைக்காரருக்கு மூன்று வழிகள்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது. செலவில்லை. ஆனால் ஆபத்து முழுதும் தலைமேல். இரண்டாவது, கடையைக் காலி செய்துவிட்டு வேறு ஊர் போவது. ஆலை நிலைத்துவிட்டால் வீண் நஷ்டம். மூன்றாவது, இருந்த இடத்தில் இருந்துகொண்டே சுமையைக் குறைப்பது. புதிய கடன் வரம்பை மெல்லக் குறைப்பது. தேங்கும் சரக்கைக் குறைத்து அடிக்கடி வாங்குவது. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பெரிய அட்வான்ஸ் கொடுத்து நீண்ட காலம் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது. வேறு ஆலை ஊழியரையும், உள்ளூர்க் குடும்பங்களையும், மெஸ், கேன்டீன் ஒப்பந்தக்காரர்களையும் தேடிப் போவது.

அப்போது வேறு வாசல் இருந்ததா? இருந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான் கார் ஆலை தொடங்கியிருந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை. 2013-ல் ராயல் என்ஃபீல்டு ஆலை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் போனால் ஒரகடம். ஒரு டெலிவரி வண்டி தினமும் போய்வரும் தொலைவுதான்.

மூன்றாவது வழியில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆலை மூடிய மறுநாள் 'இனி உனக்குக் கடன் இல்லை' என்று ஒரு தொழிலாளியின் முகத்துக்கு நேரே சொல்வது கொடுமை. பதினான்கு மாதத்துக்கு முன்பே வரம்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தவர், கஷ்ட காலத்தில் ஒரு மூட்டை அரிசியை மனம் நோகாமல் கொடுக்க முடியும். முன்யோசனை உள்ளவருக்கே இரக்கம் காட்டவும் வசதி இருக்கும்.

இன்றைக்கும் இதே கேள்வி

இது பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். இப்பகுதிக்குக் கைப்பேசி மறுபடியும் வந்துவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஆலை ஐபோன் செய்கிறது. பல ஆயிரம் பெண்கள் வேலை செய்கிறார்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு கெட்டுப் பலர் நோயுற, தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடி, 2022 ஜனவரியில் திறந்தது. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அக்டோபரில் முடிந்தது. தொழிலாளரின் கோரிக்கை நியாயமா என்பது ஒரு பக்கம். ஒரு மாதம் சம்பளம் வராத வீட்டின் மளிகைப் பற்று எந்த நோட்டில் ஏறுகிறது என்பது நம் பக்கம்.

ஆலைகள் வருவது நமக்கு நன்மையே. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஆலைக்கு நாம் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. அது மூடும்போது நமக்கு நோட்டீஸ் வராது, நஷ்டஈடும் வராது. ஆகவே எச்சரிக்கை மணியை நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் பேசும் பிள்ளைகளுக்கு

பதினைந்து நிமிடம் கொடுத்தால் இப்படிப் பங்கிடலாம். முதல் இரண்டு நிமிடத்தில் கேள்வியைச் சொல்லிவிடுங்கள். 'நோக்கியாவின் வரலாறு' என்று தொடங்காமல், '2013 செப்டம்பரில் இந்த ஆலையைச் சார்ந்தவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்?' என்று தொடங்குங்கள். அடுத்த மூன்று நிமிடம் தேதிப் பட்டியல். அதன்பின் நான்கு நிமிடம் காரணங்களின் ஒப்பீடு. மூன்று நிமிடம் மாற்று வழிகள், ஒவ்வொன்றின் லாப நஷ்டம். கடைசி மூன்று நிமிடம் உங்கள் முடிவும், அது தப்பாகப் போகக்கூடிய இடமும்.

படங்களில் எழுத்தை நிரப்பி வைத்து அதையே திரும்பிப் பார்த்து வாசிக்க வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஒரே செய்தி போதும். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புவது மட்டும் அலசல் ஆகாது. கட்டத்தில் எழுதிய ஒவ்வொன்றுக்கும், 'அதனால் என்ன முடிவு?' என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். 'அரசு யோசிக்க வேண்டும்', 'நிறுவனம் மாற வேண்டும்' என்று பொதுவாக முடிக்காதீர்கள். யார், எப்போது, என்ன செலவில், எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

யாராவது எதிர்க்கேள்வி கேட்டால் கோபம் வேண்டாம். கடையில் விலை பேசும் வாடிக்கையாளர்தான் வாங்கப் போகிறவர். வகுப்பிலும் கேள்வி கேட்பவரே கவனித்துக் கேட்டவர்.

வணிகப் பெருமக்களுக்கு

இன்றிரவு கடை சாத்தியபின் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த மூன்று மாத பில் புத்தகத்தையும், பாக்கி நோட்டையும், கல்லூரியில் படிக்கும் மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் முதல் பத்துப் பெரிய வாடிக்கையாளர் யார், அவர்களில் எத்தனை பேரின் சம்பளம் ஒரே கம்பெனியின் கேட்டிலிருந்து வருகிறது, அந்தக் கேட் ஒரு மாதம் திறக்காவிட்டால் வாடகை கொடுத்தபின் கையில் என்ன நிற்கும் என்று கணக்குப் போடுங்கள். மொத்த வியாபாரிகள் இதையே தங்களிடம் வாங்கும் சில்லறைக் கடைகளை வைத்துப் போடலாம். நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாசலில் நின்றால், புதுக் கணக்குத் தொடங்கும் முன் இரண்டாவது வாசலைத் தேடத் தொடங்குங்கள்.

பிள்ளைக்கு வகுப்பில் பேச நல்ல கேஸ் கிடைக்கும். உங்கள் கடைக்கு நல்ல காவல் கிடைக்கும்.